சார், ஒரு அஞ்சு நிமிஷப் படம்!

தமிழ்நாட்டில் சட்டைப் பையில் பேனா இல்லாதவர்கள் உண்டு. கதை இல்லாதவர்கள் கிடையாது. ஆட்டோவில் ஏறி 'வடபழனி போகணும்' என்று சொல்லிப் பாருங்கள். பேரம் முடிவதற்குள் 'ஒரு சப்ஜெக்ட் வெச்சிருக்கேன் சார்' என்று ஆரம்பித்துவிடுவார். தாலுகா ஆபீஸில் ரிடையரான என் ஒன்றுவிட்ட சித்தப்பா, 'இடைவேளை வரைக்கும் ரெடிடா' என்று 14 வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இடைவேளைக்குள் அவருக்கு இரண்டு கண்ணிலும் காட்டராக்ட் ஆபரேஷன் முடிந்துவிட்டது.

அப்பேர்ப்பட்ட நாட்டில் அடியேனும் ஒரு கதை சொல்லப் போனேன். காதல் கதை இல்லை. பேய்க் கதையும் இல்லை. சமூக விழிப்புணர்வுக் குறும்படம்!

(பக்கத்தைத் திருப்பாதீர்கள்... ஒரு நிமிஷம்!)

நீங்கள் கொட்டாவி விடுவதற்கு ஒரு சரித்திரக் காரணம் உண்டு. 1948-ல் மத்திய அரசு ஃபிலிம்ஸ் டிவிஷனைத் தொடங்கியது. தியேட்டர்களில் மெயின் படத்துக்கு முன்னால் அதன் செய்திப் படத்தையோ டாகுமென்டரியையோ போட்டே தீர வேண்டும் என்று பல காலம் விதி இருந்தது. நம் அப்பாக்கள் அந்த நேரத்தைத்தான் முறுக்கு வாங்கவும், சீட்டில் கர்ச்சீப் போடவும், சொந்தக்காரர்கள் யாராவது வந்திருக்கிறார்களா என்று பார்க்கவும் உபயோகப்படுத்திக்கொண்டார்கள். 2022-ல் ஃபிலிம்ஸ் டிவிஷனை என்.எஃப்.டி.சி.யோடு இணைத்துவிட்டார்கள். கொட்டாவி மட்டும் எதிலும் இணையாமல் தனியாக நிற்கிறது.

சரி, எனக்கு ஏன் இந்த வேலை?

ஒரு கம்பெனி. பெயர் வேண்டாம். 'சமூக விழிப்புணர்வுக் குறும்படம் எடுக்கப் பணம் தருகிறோம். ஐந்து நிமிஷத்தில் கதை சொல்லுங்கள்' என்று அறிவித்திருந்தது. கம்பெனிகளுக்கு இதிலெல்லாம் திடீரென்று ஏன் அக்கறை என்று கேட்பீர்கள். பி.காம். படித்தவன் சொல்கிறேன், கேளுங்கள். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135. பெரிய கம்பெனியாக இருந்தால் முந்தைய 3 வருஷ சராசரி லாபத்தில் 2 சதவிகிதத்தை நல்ல காரியத்துக்குச் செலவழித்தாக வேண்டும். ஆகவே மார்ச் மாதம் நெருங்க நெருங்க, கம்பெனிகளின் இதயத்தில் ஈரம் கசிய ஆரம்பிக்கும். அந்த ஈரத்தில் நாலு சொட்டு நம் பக்கமும் விழட்டுமே என்றுதான் விண்ணப்பம் போட்டேன்.

குருவின் உபதேசம்

எனக்கு சாலிகிராமத்தில் ஒரு நண்பன். 11 வருஷமாக உதவி இயக்குநர். 'அடுத்த வருஷம் தனியா பண்றேன் மாப்ளே' என்பதைப் பத்து வருஷமாகச் சொல்லிவருகிறவன். டீக்கடையில் பிடித்தேன். கையில் இருந்த 12 பக்கக் கதையை நீட்டினேன்.

ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. கிளாஸுக்கு அடியில் வைத்துவிட்டான்.

"மாப்ளே, சினிமாக் கதைக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியுமா? சினிமாவுல, படம் பார்த்தவன் வெளியே வந்து 'சூப்பர்'னு சொன்னாப் போதும். இதுல, வெளியே வந்து ஏதாவது செய்யணும். என்ன செய்யணும்? ஒரு வரியில சொல்லு."

"சுற்றுச்சூழலைப் பாதுகாக்கணும்..."

"எப்படிப் பாதுகாப்பான்? காலையில எழுந்து பல் தேய்ச்சிட்டுச் சுற்றுச்சூழலைப் பாதுகாக்கப் போவானா? சட்டையைப் போட்டுக்கிட்டு எந்தப் பக்கம் போகணும்? அதைச் சொல்லு!"

எனக்குத் தெரியவில்லை. அவனே சொன்னான்.

"சிவப்பு முக்கோணம் ஞாபகமிருக்கா? பேரே வேண்டாம், பார்த்தாலே என்ன செய்யணும்னு புரிஞ்சுது. பல்ஸ் போலியோ? 1995-ல ஆரம்பிச்சான். 'ஆரோக்கியமா வாழுங்க'ன்னா சொன்னான்? குழந்தையைத் தூக்கிட்டு, இந்த ஞாயித்துக்கிழமை, இந்த பூத்துக்கு வா, ரெண்டு சொட்டு. அவ்வளவுதான்! 2011 ஜனவரிக்கப்புறம் இந்தியாவுல போலியோ கேஸே இல்ல. 2014-ல உலக சுகாதார நிறுவனம் சர்டிபிகேட்டே குடுத்துடுச்சு. நாள், இடம், காரியம். இந்த மூணும் இல்லாத விழிப்புணர்வுப் படம் வெறும் பிரசங்கம்."

"அப்போ தியேட்டர்ல வர்ற முகேஷ்?"

"அது வேற வகை. பயமுறுத்தல். 2012 அக்டோபர்லேருந்து புகை பிடிக்கிற காட்சி உள்ள படத்துக்கு முன்னாடியும் நடுவுலயும் எச்சரிக்கை போடணும்னு ரூல். அதனால நூறு தடவை பார்த்தோம். நூறு தடவை பார்த்தா பயமும் பழகிடும். தியேட்டர்ல பசங்க கூடவே சேர்ந்து வசனம் சொல்றானுங்களே, கேட்டதில்லையா? நீ பயமுறுத்தாதே. இருக்கிற பயத்தை எடு. அது கஷ்டம். முடிஞ்சா அதைச் செய்."

டீக்குக் காசு நான்தான் கொடுத்தேன். குருதட்சிணை.

'இருக்கிற பயத்தை எடு.' இந்த வார்த்தை மட்டும் வீடு வரைக்கும் கூடவே வந்தது.

சகதர்மிணியின் கத்திரிக்கோல்

வீட்டில் உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டேன். மரம் நடுதல், மழைநீர் சேகரிப்பு, பிளாஸ்டிக், செல்போன் மோகம், முதியோர் இல்லம். எல்லாம் நல்ல விஷயங்கள். மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"மரம் நடறதைப் பத்திப் படம் எடுக்கப் போறீங்க. நம்ம வீட்டுத் துளசிக்குத் தண்ணி ஊத்தி எத்தனை நாளாச்சு?"

மரத்தை அடித்துவிட்டேன்.

"முதியோர் இல்லமா? ஊருக்கு போன் பண்ணி அத்தைகிட்ட எப்போ பேசினீங்க?"

அதையும் அடித்தேன். இப்படியே பட்டியல் முழுசும் வெண்டைக்காய் மாதிரி துண்டு துண்டாகிப் போனது. கடைசியில் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவளே சொன்னாள்.

"உங்களுக்கு எதுங்க உறுத்துது? அதை எழுதுங்க. அந்த ராத்திரி வந்து நீங்க சாப்பிடாம படுத்தீங்களே... அதை ஏன் எழுத மாட்டேங்கிறீங்க?"

நான் பதில் சொல்லவில்லை. மோட்டுவளையைப் பார்த்தேன்.

அந்த ராத்திரி

2018. ஐப்பசி மழை. அப்போது நான் ஓர் ஆபீஸில் அக்கவுன்ட்ஸ் பிரிவில் இருந்தேன். மாதக் கடைசி கணக்கு முடித்துக் கிளம்பும்போது மணி ஒன்பதரை. ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டலூர் தாண்டி ஊரப்பாக்கம் வருவதற்குள், ரோட்டோரமாக ஒரு பைக் சாய்ந்து கிடந்தது. முன் லைட் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒருவர். என் வயதுதான் இருக்கும். மல்லாந்து கிடந்தார். முதுகில் என்னுடையது போலவே லேப்டாப் பை. டிபன் பாக்ஸ் திறந்துகொண்டு தனியே கிடந்தது.

சுற்றி ஏழெட்டுப் பேர். ஒருவர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள், எல்லா விபத்திலும் நிற்பார்களே அப்படி, ஒரு வட்டத்துக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்கள்.

நான் வேகத்தைக் குறைத்தேன். காலை ஊன்றினேன். அப்புறம் மனசுக்குள் கணக்கு ஓட ஆரம்பித்தது. பழக்க தோஷம்! 'இறங்கினால் போலீஸ் வரும். பேர், விலாசம் கேட்கும். நீதான் இடிச்சியா என்பார்கள். ஆஸ்பத்திரியில் அட்வான்ஸ் கட்டு என்பார்கள். கையில் 340 ரூபாய்தான் இருக்கிறது. சாட்சி என்று கோர்ட்டுக்கு நாலு தடவை இழுப்பார்கள். நாலு நாள் லீவு, சம்பளப் பிடித்தம். அதான் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்களே...'

ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன்.

மொத்தம் பத்து செகண்ட் இருக்கும். வீட்டுக்குப் போய் கை கழுவினேன். தட்டில் உட்கார முடியவில்லை. மறுநாள் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பார்த்தேன். ஒன்றும் இல்லை. பிழைத்தாரா, இல்லையா? இன்று வரைக்கும் தெரியாது.

காமர்ஸ் படித்தவர்களுக்கு 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' தெரியும். ட்ரையல் பேலன்ஸில் டெபிட்டும் கிரெடிட்டும் டேலி ஆகாவிட்டால், வித்தியாசத் தொகையைத் தற்காலிகமாக அந்தத் தலைப்பில் போட்டு வைப்போம். தப்பு எங்கே என்று கண்டுபிடித்த பிறகு அதை மூடுவோம். என் கணக்கில் அந்த ராத்திரி அப்படித்தான் நிற்கிறது. மூடவே இல்லை.

தெரியாமல் போன சட்டம்

கதை எழுதுவதற்காகத்தான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். படித்த பிறகு உறுத்தல் இரண்டு மடங்கானது.

1989-லேயே 'பரமானந்த் கட்டாரா' வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது: உயிர் காப்பதுதான் முதல் வேலை, போலீஸ் சம்பிரதாயங்களுக்காக டாக்டர்கள் காத்திருக்கக் கூடாது. அந்த வழக்கே ஒரு பத்திரிகைச் செய்தியிலிருந்து பிறந்ததுதான். ஸ்கூட்டரில் போனவரைக் கார் இடித்துவிட, ஓர் ஆஸ்பத்திரியில் 'இது போலீஸ் கேஸ், 20 கிலோமீட்டர் தள்ளிப் போங்கள்' என்று அனுப்ப, வழியிலேயே உயிர் போய்விட்டது. அதைப் படித்த ஒருவர் பேப்பரை மடித்து வைக்காமல் கோர்ட்டுக்குப் போனார்.

அது டாக்டர்களுக்கு. தூக்கிக்கொண்டு போகிறவருக்கு? டெல்லியில் 2007-ல் ஒரு விபத்து. அடிபட்ட பையன் ரோட்டோரம் கிடக்க, உதவி கிடைக்காமலே இறந்துபோனான். அவனுடைய உறவினர் பியூஷ் திவாரி 'சேவ்லைஃப்' அமைப்பைத் தொடங்கினார். சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 2016 மார்ச் 30 அன்று, உதவி செய்கிறவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற நெறிமுறைகளை நாடு முழுக்கக் கட்டாயமாக்கியது கோர்ட்.

கவனித்தீர்களா? 2016! நான் ஆக்ஸிலேட்டரை முறுக்கியது 2018-ல். நான் பயந்த அத்தனை பயத்துக்கும் இரண்டு வருஷத்துக்கு முன்பே பதில் வந்துவிட்டது. எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் தேடவில்லை. வருமான வரியில் எந்தப் பிரிவில் எவ்வளவு கழிக்கலாம் என்று மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்!

2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். 2020 செப்டம்பரில் விதிகளும் வந்தன. சுருக்கம் இதுதான்: நல்லெண்ணத்தோடு, பிரதிபலன் எதிர்பாராமல் உதவுகிறவர் மீது, அந்த உதவியில் ஏதும் பிசகிப் போனாலும் சிவில் வழக்கும் இல்லை, கிரிமினல் வழக்கும் இல்லை. பேர், விலாசம் சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆஸ்பத்திரியில் பிடித்து உட்கார வைக்கக் கூடாது. பணம் கேட்கக் கூடாது. விருப்பப்பட்டால்தான் சாட்சி. (இடித்துவிட்டு நிற்கிறவருக்கு இந்தச் சலுகை பொருந்தாது. அவருடைய கடமை தனி!)

எண்களையும் பார்த்தேன். 2022-ல் இந்திய ரோடுகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884. அந்த வருஷம் விபத்துகளின் எண்ணிக்கையில் நாம்தான் முதலிடம்: 64,105. நாடு முழுக்க இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் டூ வீலரில் போனவர்கள். அதாவது நம்மை மாதிரி, முதுகில் பையும் பையில் டிபன் பாக்ஸுமாகப் போகிறவர்கள்.

ஒரு பக்கம்

பன்னிரண்டு பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒரே பக்கம் எழுதினேன். கதை இதுதான்:

ஆபீஸுக்கு லேட்டாகிப் போய்க்கொண்டிருக்கும் ஓர் இளைஞன். ரோட்டில் ஒருவர் அடிபட்டுக் கிடக்கிறார். இவன் வண்டியை நிறுத்துகிறான். திரையில் ஒரு ரசீது அச்சாக ஆரம்பிக்கிறது, மளிகைக் கடை பில் மாதிரி. 'போலீஸ் விசாரணை: 3 மணி. ஆஸ்பத்திரி அட்வான்ஸ்: 10,000. கோர்ட்: 4 நாள். சம்பளப் பிடித்தம்...' பில் நீண்டுகொண்டே போகிறது. இவன் கிளம்பப் பார்க்கிறான். அப்புறம் இறங்கிவிடுகிறான். 108-க்கு போன் செய்கிறான். அவர்கள் சொல்லச் சொல்ல, ரத்தம் வரும் இடத்தில் கர்ச்சீப்பை வைத்து அழுத்திப் பிடிக்கிறான். ஆம்புலன்ஸில் கூடவே போகிறான். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் கேட்கிறார். "பேர்?" இவன் தயங்குகிறான். "சொல்ல இஷ்டமில்லேன்னா வேண்டாம்ப்பா. நீ போகலாம்." வெளியே வருகிறான். பழைய பில்லில் ஒவ்வொரு வரியும் அடிபட்டு, கடைசியில் 'மொத்தம்' என்ற இடத்தில் ஒரே ஒரு வரி: 'கர்ச்சீப்: 1.' ஆபீஸில் மேனேஜர் கடிகாரத்தைக் காட்டுகிறார். "ஏன் லேட்?" இவன் சொல்கிறான். "வழியில ஒரு வேலை சார்."

அவ்வளவுதான். படம் முடிந்தது.

பி.காம். என்பதால் பட்ஜெட்டும் போட்டேன். கேமரா, லென்ஸ் வாடகை இரண்டு நாளுக்கு 24,000, லைட், ஜெனரேட்டர் 14,000, ஒலிப்பதிவு 10,000, நடிகர்கள் 12,000, சாப்பாடு, டீ, வண்டி 16,000, எடிட்டிங், டப்பிங், இசை 30,000, அனுமதி, ஆம்புலன்ஸ் வாடகை 8,000, இதர 6,000. ஆக மொத்தம் 1,20,000 ரூபாய். கதாசிரியருக்குச் சம்பளம் பூஜ்யம். (மனைவி இந்த வரியை மட்டும் இரண்டு தடவை படித்தாள்.)

ஐந்து நிமிஷம்

கான்ஃபரன்ஸ் ரூமில் ஏ.சி. ஊட்டியை ஞாபகப்படுத்தியது. மூன்று பேர். நடுவில் ஒரு பெரியவர், இடது பக்கம் விளம்பரப் பிரிவு மேடம், வலது பக்கம் கணக்குப் பிரிவு அதிகாரி. எனக்கு முன்னால் போனவர், முதல் நாலு நிமிஷம் தன் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லிவிட்டு ஐந்தாவது நிமிஷத்தில் கதையைத் தொடங்க, மணி அடித்துவிட்டது. அந்த மனிதரின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வயிற்றில் அலாரம்.

நான் நேராகக் கதையைச் சொன்னேன். மூன்றரை நிமிஷத்தில் முடித்துவிட்டேன். கொஞ்ச நேரம் அமைதி. பெரியவர் தொண்டையைக் கனைத்தார்.

"நல்லாயிருக்கு தம்பி. ஆனா ஒரு ட்விஸ்ட் வேணும். அடிபட்டுக் கிடக்கிறது யாருன்னு பார்த்தா... இவனோட சொந்தத் தம்பி! எப்படி?"

மேடம் சொன்னார். "இல்லேன்னா அம்மா சென்டிமென்ட் வைக்கலாம். ஒரு பாட்டு. அந்த ஆம்புலன்ஸ்ல நம்ம கம்பெனி லோகோ."

எனக்கு லோகோவில் ஆட்சேபணையே இல்லை. கர்ச்சீப்பிலேயே எம்ப்ராய்டரி போடச் சொன்னாலும் போட்டிருப்பேன். ஆனால் தம்பி? 'சரி சார்' என்று ஒரு வார்த்தை சொன்னால் 1,20,000 ரூபாய். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன்.

"சார், தம்பின்னா எல்லாரும் இறங்குவாங்க. தம்பிக்கு உதவ யாருக்கும் படம் காட்ட வேண்டாம். முகம் தெரியாத ஒருத்தருக்கு இறங்கணும். அதுக்குத்தான் இந்தப் படம். தம்பியா மாத்திட்டா, 'நாளைக்கு நம்ம வீட்டு ஆளா இருந்தா?'ங்கிற பயத்தைக் காட்டுறோம். பயம் ஏற்கெனவே நிறைய இருக்கு சார். அதனாலதான் யாரும் இறங்கறதில்லை."

கணக்கு அதிகாரி பேனாவால் மேஜையைத் தட்டினார். "இது சி.எஸ்.ஆர். கணக்குல வருமா? ஆடிட்டர் ஒத்துக்கணுமே."

இந்தக் கேள்விக்குத்தான் அடியேன் காத்திருந்தேன்! "வரும் சார். சாலைப் பாதுகாப்பு விழிப்புணர்வு சி.எஸ்.ஆரில் சேரும்னு 2014 ஜூன்லயே கம்பெனி விவகார அமைச்சகம் சர்க்குலர் போட்டிருக்கு." அவர் முதன்முறையாக என்னை மனிதனாகப் பார்த்தார்.

"சரி. படம் பார்த்து எத்தனை பேர் மாறுவாங்க?"

"தெரியாது சார். 2013-ல சேவ்லைஃப் எடுத்த சர்வேல, நூத்துக்கு 74 பேர் விபத்துல உதவ முன்வர மாட்டோம்னு சொல்லியிருக்காங்க. போலீஸ் தொந்தரவுதான் பெரிய காரணம். அந்த 74 பேரும் கெட்டவங்க இல்லை சார். பழைய கணக்கை வெச்சுக்கிட்டு ஓடறாங்க."

பெரியவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ஏன் தம்பி, ஊர்ல இவ்வளவு விஷயம் இருக்க, இதுல உனக்கு என்ன இவ்வளவு பிடிவாதம்?"

சொல்ல வேண்டும் என்று நான் தயார் செய்துகொண்டு போகவில்லை. சொல்லிவிட்டேன். மழை, முன் லைட், டிபன் பாக்ஸ், பத்து செகண்ட். ஏ.சி. சத்தம் மட்டும் கேட்டது. யாரும் எதுவும் பேசவில்லை.

பேசியது, கதவோரம் டிரேயோடு நின்றுகொண்டிருந்த டீ கொடுக்கும் அண்ணன்.

"தப்பா நினைச்சுக்காதீங்க சார். நான் 2011-ல ஒருத்தரைத் தூக்கிட்டுப் போனேன். ஆஸ்பத்திரியில மூணு மணி நேரம் உக்கார வெச்சுட்டாங்க. அப்புறம் ஸ்டேஷன். அன்னிக்கு வேலை போச்சு. அதுக்கப்புறம் ரெண்டு ஆக்ஸிடென்ட் பாத்துட்டேன். நிக்கல. இப்போ ரூல் மாறிடுச்சுங்களா? நிஜமாவா? யாருமே சொல்லலையே சார்!"

மேடம் அவரைப் பார்த்தார். பெரியவர் தன் டீயைப் பார்த்தார். நான் என் காலணியைப் பார்த்தேன். நான் மூன்றரை நிமிஷம் சொன்ன கதையை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்: 'யாருமே சொல்லலையே சார்!'

மணி அடித்தது.

முடிவு

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. 'தங்கள் ஆர்வத்துக்கு நன்றி...' என்று ஆரம்பித்தது. நன்றியில் ஆரம்பிக்கும் கடிதங்களை மேற்கொண்டு படிக்கத் தேவையில்லை. மரம் நடுவது பற்றிய படத்துக்குப் பணம் கொடுத்துவிட்டார்களாம். (மரம் வாழ்க! வீட்டுத் துளசிக்கு இப்போது தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன்.)

ஆனால் அதே வாரம் விளம்பரப் பிரிவு மேடம் போன் செய்தார். "சார், உங்க ஒரு பக்கத்தை எங்க டூ வீலர் ஸ்டாண்டுல ஒட்டிக்கலாமா? அந்தச் சட்டப் பாயின்ட்டை எல்லாம் பெரிசா எழுதி. டீ அண்ணன் தினமும் கேட்டுட்டே இருக்கார்" என்றார். ஒட்டிக்கொள்ளச் சொன்னேன். போய்ப் பார்த்தேன். ஸ்டாண்டுக்குள் நுழையும் இடத்தில், ஹெல்மெட்டைக் கழற்றும் உயரத்தில் ஒட்டியிருந்தார்கள். இரண்டு பையன்கள் நின்று படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மற்றவனிடம், "டேய், நிஜமாடா இது?" என்றான்.

சாலிகிராமம் நண்பனிடம் சொன்னேன். "படமே இல்லாம ரிலீஸ் ஆன முதல் படம் உன்னோடதுதான் மாப்ளே" என்றான். அவன் படத்துக்கும் அது பொருந்தும் என்று நான் சொல்லவில்லை.

கதை சொல்லப் போகிற தம்பிகளுக்கு

அனுபவத்தில் நாலு விஷயம் சொல்கிறேன். டீ வாங்கித் தர வேண்டாம்.

1. பார்த்தவர் என்ன செய்ய வேண்டும்? ஒரு வரியில் சொல்ல முடியாவிட்டால், இன்னும் கதை கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

2. ஒரு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். இரண்டாவது பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை.

3. பட்ஜெட்டைக் கூட்டிப் பாருங்கள். பிறகு இன்னொருவரைக் கூட்டச் சொல்லுங்கள்.

4. உங்களை உறுத்தும் விஷயத்தைச் சொல்லுங்கள். ஊரை உறுத்தும் விஷயத்தை ஊர் பார்த்துக்கொள்ளும்.

கடைசியாக, ஆபீஸ் முடிந்து வண்டியை எடுக்கும் உங்களிடம் ஒரு விண்ணப்பம். எனக்குக் கிடைக்காத அந்த ஐந்து நிமிஷப் படத்தை, இந்தக் கட்டுரையிலேயே நீங்கள் பார்த்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். வழியில் யாராவது கிடந்தால் நிறுத்துங்கள். 108-க்கு போன் செய்யுங்கள். அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். ஹெல்மெட்டை வெடுக்கென்று பிடுங்காதீர்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ரத்தம் வருகிற இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்துங்கள். முதல் ஒரு மணி நேரத்தைச் சட்டமே 'கோல்டன் ஹவர்' என்று வரையறுத்திருக்கிறது. பேர் சொல்ல இஷ்டமில்லையா? சொல்ல வேண்டாம். செலவு பற்றிய பயமா? விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கியது. மத்திய அரசும் 2025 மே மாதம், 7 நாளைக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரைக்கும் பணம் கட்டாமல் சிகிச்சை என்று அறிவிப்பு வெளியிட்டது. உங்கள் சட்டைப் பையில் 340 ரூபாய் இருந்தாலே போதும். அதுவும் செலவாகாது.

என் சஸ்பென்ஸ் அக்கவுன்ட்? அது அப்படியேதான் இருக்கிறது. அதை மூட எனக்கு வழி தெரியவில்லை. ஊரப்பாக்கம் பக்கம் போகும்போதெல்லாம் அந்த இடத்தில் வண்டி தானாக மெதுவாகிறது. 2018-ல், அந்த ராத்திரி, அந்த வட்டத்தைத் தாண்டி உள்ளே போன யாராவது ஒருவர் இருந்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அவர் நீங்களாக இருந்தால், உங்கள் பெயரைச் சொல்ல வேண்டாம். கட்டாயமில்லை. 'பிழைச்சுட்டார்' என்று ஒரு வார்த்தை மட்டும் இந்தப் பத்திரிகை விலாசத்துக்கு ஒரு கார்டு போடுங்கள்.